விளிம்பில்லாத சட்டம்

ஹர்மட்டான் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டால் அக்ராவில் சூரியனுக்கே சோம்பல் பிடித்துவிடும். பாலைவனப் புழுதி வானத்தை அடைத்துக்கொள்ள, பட்டப்பகலிலும் தெருக்கோடி தெரியாது. உதடு வெடிக்கும், கதவு சுருங்கும், மரவேலைக்காரர்களின் மானம் போகும். அப்படி ஒரு காலையில்தான் கோர்லே ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜேம்ஸ் டவுனில் ஒரு பழைய மாடி வீட்டின் முன்னால் டாக்ஸியை விட்டு இறங்கினாள். பின்னாலேயே அவள் புருஷன் ஒடோய், படுக்கை விரிப்பில் சுற்றின படச் சட்டத்தை டாக்ஸி கூரையிலிருந்து அவிழ்த்துத் தோளில் சாய்த்துக்கொண்டான். தெரு முழுக்கக் கருவாட்டுப் புகை மணத்தது.

படங்களுக்குச் சட்டம் போடுவது அவர்கள் தொழில். ஒடோய் மரத்தை அறுப்பான், ஒட்டுவான். படத்தைச் சட்டத்துக்குள் உட்கார வைப்பது மட்டும் கோர்லேயின் கைக்குத்தான் வரும். "வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு எதுக்குடி அலையுற, நானே போட்டுட்டு வரேன்" என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். போன வருஷம் அவன் போட்ட ஒரு படத்தில் ஸ்க்ரூ முன்பக்கமாக வந்து, படத்திலிருந்தவரின் மூக்கில் முளைத்த கதையை அவள் நினைவுபடுத்தியதும் வாயை மூடிக்கொண்டான்.

அவன் கெஞ்சியதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முன்னே இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்து போயின. இது ஒன்றுதான் இத்தனை மாதம் தங்கியிருக்கிறது. அன்றைக்குக் காலையிலிருந்தே உதைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் உதைக்கும் கோர்லே மனசுக்குள், உதை ராசா, நன்றாக உதை என்று சொல்லிக்கொண்டாள். அந்தப் பிள்ளை உயிரோடு கைக்கு வர வேண்டும் என்பதைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

கதவைத் திறந்தவர் குவார்ட்டே. அறுபதை ஒட்டின வயசு, வழுக்கைத் தலை, சலவைச் சட்டை. அவருடைய அப்பா ஊரறிந்த ஓவியர், மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அடக்கமானார். அப்பா வரைந்த ஒரு கேன்வாஸுக்கு ஃப்ளோட்டர் சட்டம் வேண்டும், ஆனால் படம் வீட்டைத் தாண்டக் கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லி, அளவை மட்டும் கொடுத்து வரவழைத்தவர் இவர்தான்.

ஃப்ளோட்டர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மற்றச் சட்டங்களுக்கு முன்பக்கம் ஒரு விளிம்பு உண்டு. படத்தின் நாலு ஓரத்தையும் அது கவ்விக்கொள்ளும், படம் முன்னால் வர முடியாது. ஃப்ளோட்டருக்கு அந்த விளிம்பு கிடையாது. தாம்பாளத்தில் வைத்த பொருள் போலப் படம் உள்ளே உட்கார்ந்திருக்கும். சுற்றிவர அரை விரல் இடைவெளி விட வேண்டும். பிடிமானம் எல்லாம் பின்னாலிருந்து ஏற்றும் ஸ்க்ரூவில்தான். தள்ளி நின்று பார்த்தால் படம் எதையும் தொடாமல் மிதப்பது போலத் தெரியும்.

படம் சாப்பாட்டு அறைச் சுவரில் இருந்தது. ஆள் உயரம். திறந்த கதவு ஒன்று, அதன் நிலையில் நீலத் துணி உடுத்தின ஒரு பெண். ஒரு கால் வாசற்படிக்கு இந்தப் பக்கம் வர இருக்கிறது. ஒரு கை நிலையைப் பிடித்திருக்கிறது. முகத்தில் ஒரு கேள்வி, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி.

"யாரு இது?" என்றான் ஒடோய்.

"எங்கம்மா, ஷோர்மே" என்றார் குவார்ட்டே. "நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்பவே போயிட்டாங்க. போன பிறகுதான் அப்பா இதை வரைஞ்சார்."

படத்தைச் சுற்றி இருந்த பழைய சட்டத்தைப் பார்த்துக் கோர்லேக்குக் கோபமே வந்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு விளிம்பு. அது போதாதென்று முன்பக்கத்திலிருந்தே ஆணி அடித்திருந்தது, விரலுக்கு விரல் ஓர் ஆணி. ஆணி விளிம்பைத் துளைத்து, கேன்வாஸின் ஓரத்தையும் துளைத்து உள்ளே இறங்கியிருந்தது. புத்தியுள்ள எவனாவது படத்தின் முன்னாலிருந்து ஆணி அடிப்பானா என்று அவள் முணுமுணுத்தாள். அப்பாவே அடித்தது என்று குவார்ட்டே சொன்னார். 

சாப்பாட்டு மேசையில் கம்பளி விரித்துப் படத்தைக் கிடத்தினார்கள். குறடு கொண்டு ஆணிகளைப் பிடுங்கவே நேரம் பிடித்தது. கடைசி ஆணி வந்ததும் விளிம்பு தானே விட்டுக்கொடுத்தது.

கேன்வாஸின் பக்கவாட்டிலும் வரைந்திருந்தது. அதனால்தான் ஃப்ளோட்டர் கேட்டார் போலிருக்கிறது என்று கோர்லே நினைத்தாள். கதவு நிலை பக்கவாட்டிலும் தொடர்ந்தது. சட்டம் இருந்தவரை ஓரத்தில் வெட்டுப்பட்டது போலத் தெரிந்த அந்தக் கைக்கு, இப்போது நாலு விரல்களும் இருந்தன. அவை கேன்வாஸின் விளிம்பை வளைத்துப் பின்பக்கமாகப் பற்றியிருந்தன.

அவள் தொட்டுப் பார்த்தாள். காய்ந்த பழைய சாயம்தான். நகக்கண் உட்பட அச்சு அசலாக வரைந்திருந்தார் மனுஷன்.

படத்தைப் புதுச் சட்டத்தில் இறக்கி வைத்ததும் ஒடோய்க்குப் பசி வந்துவிட்டது. தெருமுனையில் கேன்கே என்கிற சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் வாங்கிவரக் கிளம்பினான். குவார்ட்டே பக்கத்து அறைக்குள் போகப் போனவர் திரும்பி நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன் தப்பா நினைக்காதே. வேலை செய்யறப்ப யாராவது வந்து அகோன்னா நீ பதில் சொல்ல வேணாம். நான் சொல்லிக்கறேன். பக்கத்துலதான் இருக்கேன்."

அந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று 'அகோ' என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் 'அமே' என்றால்தான் காலெடுத்து வைக்கலாம். 'அமே' என்றவர்தான் அந்த விருந்தாளிக்குப் பொறுப்பு. பேசத் தொடங்கும் குழந்தைக்கு முதலில் இந்த இரண்டு வார்த்தையைத்தான் கற்றுக்கொடுப்பார்கள். பதில் சொல்லாதே என்று ஒருத்தர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. வாசல்வரை போன ஒடோய் அவள் காதில், "ரெண்டாவது சம்சாரம் வரப்போகுது போல" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனான்.

கோர்லே வேலையைப் பார்த்தாள். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் நாலு பக்கமும் அட்டைத் துண்டுகளைச் செருகி இடைவெளியைச் சமன் செய்தாள். குவார்ட்டேயைக் கூப்பிட்டு இருவருமாகச் சட்டத்தோடு படத்தைக் குப்புறத் திருப்பினார்கள். அவர் மறுபடி பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்தார். நாற்காலி முனகுவது கேட்டது.

குப்புறக் கிடக்கும் படத்தின் முதுகில் அவள் ஸ்க்ரூ ஏற்ற ஆரம்பித்தாள். கரண்ட் இல்லை. மின்விசிறி நின்றிருந்தது. புழுதி படிந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் பழுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய்ச் சாயத்தின் வாடை மெதுவாக அறையை நிறைத்தது. அத்தனை வருஷம் காய்ந்த படத்திலிருந்து ஈரச் சாயத்தின் வாடை வருவதற்கு இல்லை. ஆனால் வந்தது.

"அகோ."

மெல்லிய குரல். பெண் குரல்.

கோர்லேயின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டாள். பக்கத்து அறையிலிருந்து குவார்ட்டே பதில் சொல்வார் என்று காத்திருந்தாள்.

அவர் சொல்லவில்லை. அவருக்குக் கேட்கவில்லை போல. அவ்வளவு சன்னமான குரல்.

அவள் இன்னொரு ஸ்க்ரூவை எடுத்தாள். 

"அகோ."

அதே குரல். அதே பொறுமை. முன்வாசலிலிருந்து வருகிறதா, பின்கட்டிலிருந்தா என்று அவளால் சொல்ல முடியவில்லை. குவார்ட்டேயைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். வெளியே நிற்கிற ஒருத்தியைக் காக்க வைத்துக்கொண்டு உள்ளே நாம் பேசுவது அவள் காதில் விழுந்தால் என்ன நினைப்பாள் என்று கூசிற்று. மேசையைச் சுற்றி வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வாசலில் ஆள் இல்லை. கதவின் மறைவில் நிற்கலாம். திரும்பி வந்து திருப்புளியைக் கையில் எடுத்தாள்.

"அகோ..."

இந்தத் தடவை குரல் களைத்துப்போயிருந்தது. வெயிலில் தலைச்சுமையோடு நெடுநேரம் நின்றவளின் குரல். இன்னும் ஒரு தடவை கூப்பிடத் தெம்பில்லாதவளின் குரல். கோர்லேக்கு நெஞ்சு கேட்கவில்லை. அவளே ஒரு பிள்ளைத்தாய்ச்சி, நிற்பதன் வலி அவளுக்குத் தெரியாதா? வந்தவளை வாசலில் நிறுத்தி வைக்க அவளை யாரும் வளர்க்கவில்லை.

"அமே" என்றாள்.

மேசைமேல் கிடந்த சட்டம் ஒரு தரம் கிரீச்சென்றது.

முன்வாசல் கதவு திறக்கவில்லை. யாரும் உள்ளே வரவில்லை. ஆனாலும் அந்த அறையில் ஆள் கூடிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தையில் பின்னால் ஒருவர் வந்து நின்றால் திரும்பாமலே தெரியுமே, அப்படி.

படத்தின் அடியிலிருந்து அட்டைத் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கம்பளிமேல் உதிர்ந்தன.

அவள் குனிந்து பக்கவாட்டைப் பார்த்தாள். அவள் சமமாக வைத்த இடைவெளி ஒரு பக்கம் ஒரு கை நுழையும் அளவுக்கு அகன்றிருந்தது. மறுபக்கம் படம் சட்டத்தோடு ஒட்டியிருந்தது. அந்த விரல்கள் இருந்த இடத்தில் வெறும் கதவு நிலைதான் இருந்தது.

"ஐயா" என்று கூப்பிட்டாள்.  மறுபடி கூப்பிட்டாள்.

குவார்ட்டே ஓடி வந்தார். இருவரும் படத்தைத் திருப்பினார்கள். திறந்த கதவு இருந்தது, வாசற்படி இருந்தது. பெண் இல்லை.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அறுபது வயசு மனுஷன் அஞ்சு வயசுப் பையனாகிச் சுற்றுமுற்றும் பார்த்தார். "அம்மா?" என்றார். "அம்மா, எங்க இருக்கீங்க?"

பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார். "நான் அமே சொல்லலையே. நான் இன்னும் சொல்லவே இல்லையே. யாரு சொன்னது?"

கோர்லே தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். திட்டவில்லை, கத்தவில்லை. உடைந்த குரலில் சொன்னார். அப்பா இந்தப் படத்தை முடித்த அன்றே அம்மா கூப்பிடத் தொடங்கினாளாம். பதில் சொல்ல இவர் வாயைத் திறந்தாராம். அவள் வருவதற்கு வழி இருந்த அந்த ஒரே நாளில் அப்பா இவர் வாயைப் பொத்தி, விளிம்பு வைத்த சட்டத்தைப் போட்டு ஆணி அடித்துவிட்டாராம். அதற்குப் பிறகு இவர் அமே அமே என்று எவ்வளவு கத்தியும் அவளால் வர முடியவில்லையாம். அப்பா கண்ணை மூடட்டும் என்று இத்தனை வருஷம் காத்திருந்தாராம். அதனால்தான் விளிம்பில்லாத சட்டம்.

"இப்ப நீ கூப்பிட்டுட்டே" என்றார். "இனிமே அவங்க உன் விருந்தாளி."

சொல்லிவிட்டு அவள் வயிற்றைப் பார்த்தார். சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் கோர்லேக்கு உறைத்தது. காலையிலிருந்து ஓயாமல் உதைத்த பிள்ளை அசையவில்லை.

வயிற்றைத் தட்டினாள். அழுத்தினாள். ஒன்றுமில்லை. ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் ஓடினால் கூடவே வருமே? கூப்பிட்டு வைத்துவிட்டு ஓடுகிறவள் வீட்டுக்கு விருந்தாளி பின்னாலேயே வருவாள். பயத்திலும் அவள் புத்தி ஒரு பிடியைத் தேடிக் கண்டுபிடித்தது. விருந்தாளிக்கு ஒரு முறை இருக்கிறது. உட்காரச் சொல்ல வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், வந்த காரியம் கேட்க வேண்டும். காரியம் முடிந்தால் 'வழி' கொடுத்து அனுப்பலாம். வழி கொடுத்தால் போயே ஆக வேண்டும்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். குவளையில் தண்ணீர் ஊற்றி அதன் முன்னால் வைத்தாள். தண்ணீர் தளும்பிக் கையெல்லாம் நனைந்தது.

"உட்காருங்கம்மா. தண்ணி குடிங்க."

குவளையின் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

குவார்ட்டே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"நாங்க நல்லா இருக்கோம்" என்றாள் கோர்லே, முறைப்படி. "நீங்க வந்த காரியம் என்னம்மா?"

நாற்காலியிலிருந்து அந்தச் சன்னக் குரல் வந்தது. "என் பிள்ளையைப் பார்க்க வந்தேன்."

உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. இவ்வளவுதானா! "இதோ இருக்காரும்மா உங்க பிள்ளை" என்று குவார்ட்டேயைக் கைகாட்டினாள். அவர் தடுமாறி வந்து அந்த வெற்று நாற்காலியின் முன் மண்டியிட்டார்.

"அம்மா, நான்தாம்மா. உங்க குவார்ட்டே."

நாற்காலி லேசாக அவர் பக்கம் சாய்ந்தது.

"யாரு இந்தப் பெரியவர்?" என்றது குரல்.

மரியாதையாகத்தான் கேட்டது. வீட்டுக்கு வந்தவள் வீட்டுப் பெரியவரைப் பற்றிக் கேட்கிற மாதிரி. அவர் அழுதுகொண்டே என்னென்னவோ சொன்னார். அவள் ஊட்டின கஞ்சி, அவள் கட்டிக்கொடுத்த துணிப் பந்து, காய்ச்சலில் அவள் மடியில் கிடந்தது. குரல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது போலிருந்தது.

"பெரியவரே, அழாதீங்க" என்றது. "என் பிள்ளை சின்னவன். இவ்வளவுதான் இருப்பான்."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. யாரோ எழுந்திருக்கும்போது நகருமே, அப்படி.

கோர்லே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "வழி குடுக்கறேம்மா" என்றாள். "வழி குடுக்கறேன், போயிட்டு வாங்க. உங்களுக்கு வழி குடுத்துட்டேன்."

எண்ணெய்ச் சாய வாடை அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அவள் வயிற்றின்மேல், துணிக்கு வெளியே, குளிர்ந்த ஓர் உள்ளங்கை படிந்தது. நாலு விரல்களும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரிந்தன.

உள்ளே பிள்ளை உதைத்தது.

"இதோ" என்றது குரல்.

கேன்கேப் பொட்டலத்தோடு ஒடோய் வந்தபோது அவள் வாசற்படியில் விழுந்து கிடந்தாள். அவன் அவளை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்து, குதிரை ஓடுகிற மாதிரி இதயம் அடிக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சிரித்தாள். ஒடோய் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். கோர்லே நடந்ததை அவனிடம் சொன்னாள். புழுதிக் காற்றில் மயக்கம் வந்திருக்கும், மனசைப் போட்டுக் குழப்பிக்காதே என்று அவன் தலையைத் தடவினான். அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாதம் நிறைந்து சுகப்பிரசவம். ஆண் பிள்ளை. எட்டாம் நாள் விடியற்காலையில் பிள்ளையை முதல்முறையாக வானத்துக்குக் காட்டிப் பெயர் வைத்தார்கள். உறவெல்லாம் வெள்ளை உடுத்தி வந்திருந்தது. எல்லோரும் கலைந்த பிறகு வேலி ஓரத்தில் ஒருத்தர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். குவார்ட்டே. இளைத்துப் பாதியாகியிருந்தார். அவர் குரல் கொடுக்கவில்லை. அவர் உள்ளே வரவும் முயலவில்லை.

கோர்லே பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு வேலிவரை போனாள்.

"எங்கம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கொல்ல வேண்டும் போலவும் இருந்தது. திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். ஜன்னல்களை அடைத்தாள். படுக்கையறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டு, பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தி, ஒரு கையை அவன்மேல் வைத்துக்கொண்டு படுத்தாள். அசதியில் கண் அயர்ந்துவிட்டது.

மார்பு வலித்ததில் விழித்தாள். பால் கட்டி, கல்லாக இறுகி, சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. வெளியே வெயில் சாய்ந்திருந்தது. இத்தனை நேரம் பால் கேட்டு அழாமல் எப்படிக் கிடந்தான் என்று பதறி அவனை வாரி எடுத்தாள். மார்பை வாயில் வைத்தாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி வைத்தாள். வேண்டாம் என்று உதட்டை மூடிக்கொண்டான். வயிறு நிரம்பித் திண்ணென்று இருந்தது.

அவனுடைய கடைவாயில் பால் வழிந்திருந்தது. விரலால் தொட்டாள். இன்னும் சூடாக இருந்தது.